இருங்காட்டுக்கோட்டையில் காடு எங்கே?

மந்தைவெளியில் மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. புரசைவாக்கத்துக் கடைத்தெருவில் புரச மரத்தைத் தேடுகிறவர்களும் இல்லை. ஊர்ப் பெயர்களே இப்படித்தான், தாத்தாவின் பெயரைத் தாங்கிய பேரனைப் போல. பெயர் இருக்கும், தாத்தாவின் கடுக்கனும் குடுமியும் இருக்காது. அதற்காக நாம் யாரும் வருத்தப்படுவதும் இல்லை.

ஆனால் பெங்களூர்ச் சாலையில் பூவிருந்தவல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிற வழியில் ஓர் ஊரின் பெயரைப் படிக்கும்போது மட்டும் சற்று நின்று யோசிக்கத் தோன்றுகிறது. இருங்காட்டுக்கோட்டை. 'இரும்' என்றால் பெரிய என்று தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார். பெயரைப் பிரித்துப் பார்த்தால் பெரிய காடு வருகிறது! 1996-இல் அங்கே ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை வந்தது. 1998-இல் முதல் 'சான்ட்ரோ' வண்டி வெளியே ஓடி வந்தது. பிறகு 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை வந்து, 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸ்ஸான், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை, அப்புறம் மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. ராமானுஜர் அவதரித்த ஸ்தலத்துக்கும் வல்லக்கோட்டை முருகன் சந்நிதிக்கும் நடுவே இப்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் தகரக் கூரைகள்தாம்.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ்களில் ஷிப்டுக்குப் போகிற ஆயிரக்கணக்கான பெண்களைப் பார்த்தவர்கள் குறை சொல்லவும் மாட்டார்கள். திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். கேள்வி வேறு. தொழிற்சாலைக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே இன்னமும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கிறதே, அதில் எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுக் கொடுப்பது என்று யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

"கம்ப்யூட்டர் தீர்மானிக்கும்" என்கிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். வரைபட சாஃப்ட்வேர் என்று ஒன்று இருக்கிறதாம். அதில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டால் எந்தக் காட்டை முதலில் காக்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுமாம். பாதி உண்மை. மறு பாதியைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு பழைய கதை. இந்த வட்டாரத்துக்கு வரைபடம் புதிதல்ல. 1763-இல் ஆற்காட்டு நவாப் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 'ஜாகீர்' என்று எழுதிக் கொடுத்தார். கையில் கிடைத்த சொத்து எவ்வளவு தேறும் என்று பார்க்க வேண்டாமா? தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினியரை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரையில் அவர் ஊர் ஊராக அளந்தார். சுமார் 2,000 ஊர்கள். எத்தனை வீடு, என்ன தொழில் செய்கிறவர்கள், நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, காடு எவ்வளவு என்று காணிக் கணக்கில் எழுதினார்கள். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய கணக்குகளும் உண்டு. ஏறக்குறைய இருநூறு வருஷம் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் கிடந்த இந்தக் கணக்கை, காந்தியவாதியும் சரித்திர ஆராய்ச்சியாளருமான தரம்பால் பிற்காலத்தில் எடுத்து உலகுக்குக் காட்டினார்.

கவனியுங்கள். வரி போட வந்த வெள்ளைக்காரன்கூட ஏரியை ஏரி என்றும், தோப்பைத் தோப்பு என்றும், காட்டைக் காடு என்றும் தனித்தனியாகவே எழுதச் சொன்னான்!

அதற்கு முப்பது வருஷம் கழித்து, 1802-இல், பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரைக்கும் சுமார் ஏழரை மைல் தூரத்தை நூறடிச் சங்கிலி போட்டு லாம்ப்டன் துரை அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்து, கடைசியில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையே சொன்ன அந்த மகா சர்வேக்கு முதல் கோடு இங்கேதான் விழுந்தது. ஆகவே வரைபடக் கலையில் நம் ஜில்லா யாருக்கும் இளைத்ததல்ல.

இனி இன்றைய சமாசாரத்துக்கு வருவோம். சங்கிலிக்குப் பதில் செயற்கைக்கோள். சோதனைக் கட்டத்தைத் தாண்டி முழுப் பயன்பாட்டுக்கென்றே செய்த இந்தியாவின் முதல் தொலை உணர்வுச் செயற்கைக்கோள் 1988-இல் வானத்துக்குப் போயிற்று. காட்டுக் கணக்கு எடுப்பதற்காக டேராடூனில் 1981-இல் ஏற்பட்ட இந்திய வன ஆய்வு நிறுவனம், 1987 முதல் சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாட்டின் காடுகளைச் செயற்கைக்கோள் படம் பார்த்து எண்ணிச் சொல்கிறது.

எப்படி எண்ணுகிறார்கள்? கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் மேலேயிருந்து ஒருவர் பார்க்கிறார். நூறு சதுர அடித் தரையில் எத்தனை அடியைக் கீற்று மூடியிருக்கிறது? எழுபது அடிக்கு மேல் மூடியிருந்தால் அது மிக அடர்ந்த காடு. நாற்பதிலிருந்து எழுபது வரை நடுத்தர அடர்த்தி. பத்திலிருந்து நாற்பது வரை திறந்த காடு. பத்துக்குக் கீழே போனால்? அது காடு அல்ல. 'புதர்' என்று தனியாக ஒதுக்கிவிடுவார்கள். காட்டுக் கணக்கில் சேராது.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கராவது பரப்பு இருந்தால்தான் படத்தில் காடாக ஏறும். அந்த இரண்டரை ஏக்கரில் இருப்பது மாந்தோப்பா, தென்னந்தோப்பா, சவுக்கா என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. நிலம் யாருடையது என்றும் கேட்பதில்லை. நிழல் விழுந்தால் காடு!

இங்கேதான் நம் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் விவகாரம் வருகிறது. இந்தப் பக்கத்தில் காடு என்றால் குற்றாலத்துக் காடு மாதிரி வானளாவிய மரங்கள் என்று நினைக்கக் கூடாது. இது மழை குறைந்த, செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. இங்கே இயற்கையாக வளர்வது இடுப்பளவும் ஆளுயரமுமான புதர்க்காடு. களாச் செடி, காரை, சூரை, ஆவாரை, நொச்சி, வெப்பாலை, விடத்தலை. அவற்றின் மேல் பிரண்டையும் முடக்கத்தானும் தூதுவளையும் கொடி ஓடும். முயல், கீரி, உடும்பு, கௌதாரி, காடை, செம்போத்து எல்லாம் அதற்குள் குடித்தனம் நடத்தும்.

அம்மா! இந்தப் பெயர்களை எல்லாம் மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள். களாக்காய் ஊறுகாய், பிரண்டைத் துவையல், தூதுவளை ரசம், முடக்கத்தான் தோசை, தலைக்கு ஆவாரம்பூ, சளிக்கு நொச்சி ஆவி. நம் பாட்டிமார்களின் அஞ்சறைப் பெட்டியில் பாதியும் கை வைத்தியத்தில் முக்காலும் வந்தது இந்தப் புதர்க்காட்டிலிருந்துதான். 'காடு அல்ல' என்று கணக்கு ஒதுக்குகிறதே, அந்தக் காட்டிலிருந்து!

இன்னும் கொஞ்சம் அபூர்வமான சொத்தும் உண்டு. சோழமண்டலக் கரையோரத்தில் ஒரு காலத்தில் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காடு என்று தாவர சாஸ்திரிகள் சொல்வார்கள். கோடையிலும் இலை உதிராத உலக்கைப்பாலை, காயா, வீரை போன்ற மரங்கள் கொண்டது. அதில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அய்யனார் கோயிலையும் அம்மன் கோயிலையும் சுற்றி, "கிளை ஒடித்தால் சாமி குத்தம்" என்ற பயத்தினால் பிழைத்திருக்கும் கோயில் காடுகளில்தான். அநேகமாக அவை ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். இரண்டரை ஏக்கர் விதியை நினைவில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? தென்னந்தோப்பு படத்தில் காடாக ஏறிவிடும். தலைமுறை தலைமுறையாக நிற்கும் அய்யனார் தோப்பு 'இதர மரங்கள்' என்று உத்தேசக் கணக்கில் கரைந்து போகும்.

அதோடு போயிற்றா? 2000-ஆம் வருஷம் மத்திய அரசாங்கம் ஹைதராபாத் தொலை உணர்வு நிலையத்தின் உதவியோடு இந்தியாவின் தரிசு நிலங்களுக்கென்றே தனி வரைபடத் தொகுதி வெளியிட்டது. அதன் வகைகளில் புதர் மண்டிய நிலமும் ஒன்று. ஆகவே ஒரே நிலம் ஒரு படத்தில் 'காடு அல்ல', இன்னொரு படத்தில் 'தரிசு'. தொழிற்பேட்டைக்கு இடம் தேடுகிற அதிகாரி எந்தப் படத்தைப் பார்ப்பார்? அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது. விளைநிலத்தை எடுத்தால் விவசாயி அழுவான். வீட்டை எடுத்தால் ஊரே திரளும். தரிசு என்று படம் சொல்கிற இடத்தில் அழுவதற்கு யாரும் இல்லை. கௌதாரிக்குப் பட்டா கிடையாதே!

சரி, இப்போது அந்தக் கம்ப்யூட்டர் வித்தைக்கு வருவோம். எம்பிராய்டரி போடத் தெரிந்தவர்களுக்கு இது வெகு சுலபமாகப் புரியும். பூவை ஒரு டிரேசிங் காகிதத்திலும், இலையை இன்னொன்றிலும், பார்டரை மூன்றாவதிலும் வரைந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பீர்கள் அல்லவா? வரைபட சாஃப்ட்வேரும் அதைத்தான் செய்கிறது. ஒரு தாளில் ஏரிகள். ஒரு தாளில் வாய்க்கால்கள். ஒன்றில் காடு, ஒன்றில் சாலை, ஒன்றில் தொழிற்சாலை, ஒன்றில் எந்தெந்தப் பறவை எங்கெங்கே தென்பட்டது என்ற புள்ளிகள். எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொரு துண்டு நிலத்திலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அது கூட்டிச் சொல்லும். 'க்யூஜிஐஎஸ்' என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. 2002-இல் அலாஸ்காவில் காரி ஷெர்மன் என்பவர் தொடங்கி வைத்தது. காலணா செலவில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பியர்களின் 'சென்டினல்' செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒரு தடவை எடுத்து அனுப்பும் படங்களும் இலவசம்தான். அதில் ஒரு புள்ளி பத்து மீட்டர். உங்கள் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடி அதில் இரண்டு மூன்று புள்ளியாகத் தெரியும்.

படம் பார்ப்பது வேறு. எதை முதலில் காப்பது என்று தேர்ந்தெடுப்பது வேறு. இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை வாங்க மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 2,000 ரூபாய். வீட்டில் ஏற்கெனவே மூன்று கிருஷ்ணர் இருக்கிறார். கடையில் நாலாவது கிருஷ்ணர் எவ்வளவு அழகாகப் புல்லாங்குழல் ஊதினாலும், உங்கள் கை செட்டியார் பொம்மையிடம்தானே போகும்? ஏனென்றால் செட்டியார் வீட்டில் இல்லை. 'எது மிக அழகு' என்பதல்ல கேள்வி. 'நம்மிடம் இல்லாதது எது' என்பதுதான் கேள்வி. 1983-இல் டாஸ்மேனியாவில் கிர்க்பாட்ரிக் என்ற விஞ்ஞானி காடுகளுக்கும் இதே கணக்கைப் போட்டுக் காட்டினார். ஏற்கெனவே காப்பாற்றிய காட்டைப் போன்றே இன்னொன்றைக் காப்பதைவிட, இதுவரை கணக்கிலேயே வராத வகையைக் காப்பது மேல் என்றார். நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க டாஸ்மேனியாவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. இருந்தாலும் சொன்னவருக்குப் புகழ் சேரட்டும்.

அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் ஆஸ்திரேலியாவின் 'மார்க்ஸான்' என்ற சாஃப்ட்வேர். 2004-இல் பெரிய பவளத் திட்டில் மீன் பிடிக்கவே கூடாத பகுதியை ஐந்து சதவிகிதத்துக்கும் கீழிருந்து 33 சதவிகிதமாக உயர்த்தியபோது, எந்தெந்த இடம் என்று அலசிப் பார்க்க அது துணை செய்தது. பின்லாந்தில் 'ஸோனேஷன்' என்று இன்னொன்று செய்தார்கள். அது வீடு மாற்றும்போது சாமான் கழிக்கிற மாதிரி. எதைக் கழித்தால் நஷ்டம் மிகவும் குறைவோ அதை முதலில் கழி. மிச்சத்தில் மறுபடி அதே மாதிரி ஒன்றைக் கழி. கடைசி வரைக்கும் கழிக்க மனம் வராமல் நிற்பது எதுவோ, அதுதான் விலைமதிப்பற்றது. மடகாஸ்கர் தீவில் 2,315 வகை உயிர்களுக்கு இந்த முறையில் கணக்குப் போட்டு 2008-இல் வெளியிட்டார்கள்.

நம் நாட்டில் இது நடந்திருக்கிறதா என்றால், நடந்திருக்கிறது. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார், எந்த இடத்தில் எந்த வகைத் தாவரம் என்று தென்னிந்தியா முழுவதற்கும் வர்ணப் படங்கள் தயாரித்தார்கள். குமரி முனைப் பகுதிக்கான தாள் 1961-இல் வந்தது. பிற்பாடு அகஸ்தியமலைப் பிரதேசத்தின் தாவரப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தெந்தக் காட்டு வகை ஏற்கெனவே சரணாலயத்துக்குள் இருக்கிறது, எது வெளியே அநாதையாக நிற்கிறது என்று ஆராய்ந்து, ரமேஷ் முதலான மூன்று விஞ்ஞானிகள் 1997-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

அதைவிடப் பெரிய காரியம் 2010-இல் ஆரம்பமாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையை எப்படிக் காப்பது என்று சொல்ல மாதவ் காட்கில் தலைமையில் மத்திய அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. அவர்கள் மலைத்தொடர் முழுவதையும் பக்கத்துக்குச் சுமார் 9 கிலோமீட்டர் கொண்ட கட்டங்களாகப் பிரித்தார்கள். அந்த இடத்துக்கே உரிய தாவரம் எத்தனை, அழியும் நிலையில் உள்ள மிருகம் எது, காடு எவ்வளவு, சரிவு எப்படி, ஆற்றங்கரை மரங்கள் உண்டா என்று பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பெண் போட்டு, மூன்று தரமாக வகுத்தார்கள். 2011-இல் அறிக்கை வந்தது. ஒரே அமளி! உடனே கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு. அவர்கள் 2013-இல், சிறு சிறு இடம்கூடத் தெரிகிற செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு, மனிதன் கை படாத நிலம் எது, ஊரும் தோட்டமும் எது என்று பிரித்து, மலையில் 37 சதவிகிதம், சுமார் 60,000 சதுர கிலோமீட்டர், காக்கப்பட வேண்டும் என்றார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதிலேயே இரண்டு குழுவுக்கும் ஒற்றுமை இல்லை. முதல் குழுவுக்கு மலையின் பரப்பு 1,29,037 சதுர கிலோமீட்டர். இரண்டாவது குழுவுக்கு 1,64,280. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், இரண்டு பேரிடமும் கம்ப்யூட்டர் இருந்தது, மலையும் ஒரே மலைதான். விடை இரண்டு. ஏனென்றால் கேட்ட கேள்வி இரண்டு. கேள்வியைக் கம்ப்யூட்டர் கேட்பதில்லை, மனிதர்கள்தான் கேட்கிறார்கள். 2014 முதல் 2024 வரையில் அரசாங்கம் ஆறு தடவை வரைவு அறிவிப்பு வெளியிட்டது. ஆறாவது வரைவின் தேதி 2024 ஜூலை 31. அதற்கு முதல் நாள்தான் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின.

மலைக்குத்தான் இத்தனை பரிவாரம். சமவெளிக்கு யார் வருவார்கள் என்று தோன்றுகிறதல்லவா? மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி என்ற ஊருக்கு ஊர்க்காரர்களே வந்தார்கள். ஏழு குன்றுகளும், ஏரிகளும், சுனைகளும், வல்லூறுகளும் கொண்ட பூமி. அதில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதலாவது. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று! கனிமப் படத்தில் அது டங்ஸ்டன். உயிர்ப் படத்தில் அது வல்லூறு. இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க ஏலம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. சட்டசபையில் தீர்மானம் வந்தது. ஊர் ஜனங்கள் மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. அந்த 193 ஹெக்டேருக்கு முன்கூட்டியே ஒரு பெயரும் எல்லைக் கோடும் இருந்தது எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பாடத்தோடு ஒரகடத்துக்குத் திரும்புவோம். நம் டிரேசிங் காகிதங்களை இந்தப் பூமியின் மேல் வைத்தால் என்ன தெரியும்? முதல் தாள் ஏரிகள். செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் என்று தொடங்கி, ஒன்றின் கலங்கல் இன்னொன்றுக்கு வரத்தாகச் சங்கிலி போல் கோத்துக் கிடக்கும். அடையாறு பிறப்பதே இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில்தான். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீங்கள் சென்னையில் குழாயைத் திறக்கும்போது வருவதில் அதுவும் கலந்திருக்கிறது. ஏரிக்கு மேட்டுப் பக்கம் புதர் இருந்தால் மழை நீர் நின்று, நனைத்து, வண்டல் கொட்டாமல் நிதானமாக இறங்கும். அதே மேட்டைச் சிமெண்டால் மூடினால் ஒரே ஓட்டமாக ஓடி வரும். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது தாள், வண்டலூரிலிருந்து இந்தப் பக்கம் சிதறிக் கிடக்கும் காப்புக் காடுகள். மூன்றாவது, கோயில் தோப்புகள். நாலாவது, புதர். இவற்றைச் சேர்த்து வைத்துக் கொலுக் கணக்கைப் போட்டால், ஒரு பெரிய காடு அகப்படாது. அகப்படப் போவது சிறிய சிறிய துண்டுகள். ஆற்றைக் கடக்க நடுவே போட்ட கற்களைப் போல. பறவையும் முயலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டித் தாண்டிப் போகும். நடுவிலே ஒரு கல்லை எடுத்துவிட்டால் அக்கரைக்கு வழியில்லை. தனியாகப் பார்த்தால் அரை ஏக்கர் அற்பம். வரிசையில் பார்த்தால் அதுதான் முக்கியம். மனிதக் கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதில் சாஃப்ட்வேர் உண்மையிலேயே சமர்த்து.

ஆனால் அதற்கு வேண்டிய தாள் நம்மிடம் இருக்க வேண்டும். செயற்கைக்கோளுக்குச் சீமைக் கருவேலமும் களாவும் தூரத்திலிருந்து ஏறக்குறைய ஒரே பச்சைதான். முதலாவது பிற நாட்டிலிருந்து வந்து ஏரிக்குள் குடியேறிவிட்ட விருந்தாளி. இரண்டாவது வீட்டுப் பெண். படத்துக்கு வித்தியாசம் தெரிய, யாராவது நேரில் நடந்து போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தெரியாமல் போனால் தொழிற்சாலையால் மட்டும் அல்ல, நல்ல எண்ணத்தாலும் ஆபத்து வரும். 2022 செப்டம்பரில் வண்டலூரில்தான் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிற்று. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவிகிதத்திலிருந்து 33 சதவிகிதமாக்குவது லட்சியம். மிகவும் நல்ல காரியம். நடுவதற்குக் காலியிடம் வேண்டும். காலியிடம் எது? படத்தில் 'தரிசு' என்று இருப்பது! 2019-இல் ஸூரிச் நகரத்து விஞ்ஞானிகள் உலகம் முழுவதும் 90 கோடி ஹெக்டேரில் புதிதாக மர நிழல் உண்டாக்கலாம் என்று ஒரு படம் போட்டார்கள். புல்வெளியையும் புதர்வெளியையும் காலியிடம் என்று எண்ணிவிட்டீர்களே என்று மற்ற விஞ்ஞானிகள் பிடித்துக்கொண்டார்கள். களாவையும் ஆவாரையையும் வெட்டி எறிந்துவிட்டு அதே குழியில் மரக்கன்று நட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது தர்மமாகுமா?

சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தாராளமானது. காட்கில், கஸ்தூரிரங்கனுக்கெல்லாம் முன்பே, 1996 டிசம்பர் 12-ஆம் தேதி, கோதவர்மன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், காடு என்பதற்கு அகராதியில் என்ன பொருளோ அதுதான் பொருள் என்றது. அரசாங்கப் பதிவேட்டில் காடு என்று எழுதியிருந்தால், நிலம் யாருடையதானாலும் அது காடுதான் என்றும் சொன்னது. ஆகவே கிராமத்துப் பழைய 'அ' பதிவேட்டில் ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே 'காடு' என்று எழுதியிருக்கிறதா, 'தரிசு' என்று எழுதியிருக்கிறதா, 'தோப்புப் புறம்போக்கு' என்று எழுதியிருக்கிறதா என்பது சாமான்ய விஷயமல்ல. அந்த ஒரு வார்த்தைக்காக வக்கீல்கள் மாதக்கணக்கில் வாதாடலாம்.

இன்னொரு பதிவேடும் இருக்கிறது. 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு குழு அமைத்து, ஊரில் உள்ள செடி, கொடி, மரம், பிராணி, அவற்றைப் பற்றி ஊரார் அறிந்தது எல்லாவற்றையும் 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' என்று எழுதி வைக்க வேண்டும். பெயர் நீளமாக இருக்கிறதே தவிர, வேலை நமக்குப் பழகினதுதான். தூதுவளை எந்த வேலியில் படர்கிறது, பிரண்டை எந்தக் குன்றடியில் கிடைக்கும், அய்யனார் தோப்பில் இலை உதிராத மரம் எது என்பது அந்த ஊர்க் கிழவிகளுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்லக் காலேஜில் படிக்கும் பேத்தி செல்போனில் இடத்தின் குறியை எடுத்துக்கொண்டால் போதும். வீட்டுக்கு வந்து க்யூஜிஐஎஸ் படத்தில் அதைப் புள்ளியாக ஏற்றிவிடலாம். நூறு புள்ளி சேர்ந்தால் அது ஒரு தாள். பஞ்சாயத்துக் குழுவின் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது அரசாங்கத்தின் கையில் இருக்கிற தாள்.

ஸ்ரீபெரும்புதூர், படப்பை, வாலாஜாபாத் பக்கம் பிறந்த வீடோ புகுந்த வீடோ உள்ள நேயர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அடுத்த தடவை வல்லக்கோட்டைக்கு அர்ச்சனை செய்யப் போகும்போது அரை நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு, கூடவே ஊர் விவரம் தெரிந்த ஒரு பெரியம்மாவையும் அழைத்துக்கொள்ளுங்கள். காலுக்குச் செருப்பு அவசியம். சூரை முள் பொல்லாதது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் புதருக்குள் கால் வைக்க முடியாது, ஆகையால் புரட்டாசிக்குள் போய் வருவது உத்தமம்.